கொளுத்துமுன் ஒரு வாசம், கொளுத்தியபின் ஒரு ருசி

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். மாவட்டம் பாலக்காடு, வீட்டிலும் வயலிலும் பேச்சு தமிழ்தான். ஆண்டுக்கு ஒரு முறை முனியப்பனுக்குப் படையல் போடுவோம். வாழையிலையில் பொரி, கடலை, கருவாட்டுக் குழம்பு, ஒரு குப்பி கள், அதன் பக்கத்தில் ஒரு கட்டுச் சுருட்டு. சிறுவனாக இருந்தபோது அந்தச் சுருட்டுக் கட்டின் பக்கத்தில்தான் போய் உட்காருவேன். கள்ளின் புளிப்பையும் கருவாட்டு வாடையையும் தாண்டி அதிலிருந்து ஓர் இனிப்பு வாசம் வரும். காய்ந்த வைக்கோல், நாள்பட்ட வெல்லம், கொஞ்சம் மாட்டுத்தொழுவம், இவை மூன்றையும் கலந்தாற்போல் இருக்கும். பூசை முடிந்ததும் அப்பாரு, அதாவது தாத்தா, கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைப்பார். அந்த வெல்ல வாசம் இன்னும் நன்றாக வரப்போகிறது என்று நான் முகத்தை நீட்டுவேன். வருவது கண்ணை எரிக்கும் காட்டமான புகை. "வெல்ல வாசம் எங்கே போனது, அப்பாரு?" என்று ஒருமுறை கேட்டேன். புகை படாத பக்கமாக என்னை நகர்த்தி உட்கார வைத்தார். பதில் சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. நான் சுருட்டுப் பிடிப்பவன் இல்லை. சுருட்டு விற்ற முறுக்கான் கடையில் வளர்ந்தவன். அப்பாருவின் கடையில் வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு எல்லாம் இருந்தன. பற்றவைக்காத சுருட்டின் வாசத்துக்கும் பற்றவைத்தபின் வாயில் தெரியும் ருசிக்கும் என்ன உறவு என்பதை, இதைப் புதிதாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ருசி என்று எதைச் சொல்கிறோம்? நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு இறைச்சிச் சாற்றிலும் காளானிலும் வருகிற ஐந்தாவது சுவை ஒன்று. அறுசுவையில் நாம் எண்ணும் கார்ப்பு எரிச்சலை உணரும் நரம்பின் வேலை. துவர்ப்பும் பெரும்பாலும் தொடு உணர்வுதான். சுருட்டில் கொக்கோ தெரிகிறது, வறுத்த காப்பிக்கொட்டை தெரிகிறது, பதப்படுத்திய தோல் தெரிகிறது என்று பிடிப்பவர்கள் சொல்வார்கள். அவற்றில் ஒன்றையும் நாக்கு அறியாது. எல்லாம் மூக்கின் வேலை.

நம்பிக்கை வரவில்லையென்றால் நாளைக் காலை மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் காப்பி குடித்துப் பாருங்கள். கசப்பு தெரியும், இனிப்பு தெரியும், சூடு தெரியும். காப்பி தெரியாது. விழுங்கிவிட்டு மூக்கை விடுங்கள். மூச்சு வெளியேறும் அந்த நொடியில் காப்பி வந்து சேரும்.

மூக்குக்கு ஒரு முன்வாசலும் ஒரு கொல்லைவாசலும் உண்டு. முகர்ந்து பார்க்கும்போது வாசம் முன்வாசல் வழியாக நுழைகிறது. வாயில் இருக்கும் பொருளின் வாசமோ தொண்டைக்குப் பின்னால் மேலேறி, கொல்லைவாசல் வழியாக அதே இடத்தைப் போய் அடைகிறது. ஒரே பொருளின் வாசம் எந்த வழியாக வந்தது என்பதைப் பொறுத்து மூளை அதை வேறு வேறாக எடுத்துக்கொள்ளும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின் 1982-இல் எழுதினார். நமக்கு இதற்குக் கருவாடு ஒன்றே போதும். சட்டியில் இருக்கும்போது மூக்கைப் பொத்துகிறவர், சோற்றோடு பிசைந்து வாயில் போட்டதும் இன்னொரு கரண்டி கேட்பார். காப்பிப் பொடியில் இது தலைகீழ். டப்பாவைத் திறந்ததும் வரும் வாசத்துக்கு ஈடான ருசி டம்ளரில் ஒருபோதும் வருவதில்லை.

ஆக, சுருட்டில் தீ வைக்காமலே ஒரு வேறுபாடு பிறந்துவிடுகிறது. முகர்ந்து அறிந்தது முன்வாசல். ருசி என்று அறிவது கொல்லைவாசல். தீ வந்ததும் உள்ளே நுழையும் பொருளே மாறிப்போகிறது.

பற்றவைக்காத சுருட்டில் நாம் முகர்வது எதை? நம் ஊர் வெயிலின் சூட்டிலேயே இலையிலிருந்து ஆவியாகிப் பறக்கக்கூடியவற்றை மட்டும்தான். வயலில் நிற்கும் பச்சைப் புகையிலையைக் கசக்கி முகர்ந்தால் இந்த இனிப்பு வாசம் வராது. இலையை அறுத்துத் தோரணம்போல் கட்டி உலர்த்தும்போது பச்சையம் சிதைந்து மறைகிறது. அதனோடு இருந்த மஞ்சள், ஆரஞ்சு நிறமிகளும் மெல்ல உடைகின்றன. கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் கரோட்டினாய்டுகள் என்ற இனம்தான் அவை. அவை உடைந்து வரும் துண்டுகள் மிகச் சிறியவை, எளிதில் பறப்பவை, மணம் மிக்கவை. பீட்டா அயனோன் என்பது அவற்றில் ஒன்று. பூ வாசம் உடையது. டமாசினோன் இன்னொன்று, ரோஜாவிலும் இருப்பது, வேகவைத்த பழத்தின் வாசம் தருவது. சுருட்டில் தெரியும் காய்ந்த வைக்கோல் மணத்திலும் இந்த வகைக்குப் பங்கு உண்டு. தேயிலையிலும் இதே உறவுக்காரர்கள் உண்டு. நல்ல தேயிலைத் தூளையும் நல்ல சுருட்டையும் அடுத்தடுத்து முகர்ந்தால் எங்கோ ஒரு சாயல் தட்டுவது அதனால்தான்.

உலர்ந்த இலையை அடுத்துப் பட்டறை போடுவார்கள். இலைகளை ஈரப்பதத்தோடு உயரமாக அடுக்கி, சாக்கால் மூடி வைத்துவிடுவது. இரண்டொரு நாளில் அடுக்கின் நடுவே கையை விட்டால் சுடும். வைக்கோற்போர் நனைந்துவிட்டால் உள்ளே சூடேறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. சூடு மிஞ்சாமல் இருக்க உள்ளிருப்பதை வெளியே, மேலிருப்பதைக் கீழே என்று பிரித்துப் பிரித்து மாற்றி அடுக்குவார்கள். இந்தச் சூட்டில் இலையின் புரதங்கள் உடைந்து அம்மோனியா வெளியேறுகிறது; கரகரப்பு குறைகிறது; தொழுவ வாசமும் மண் வாசமும் பிறக்கின்றன. பட்டறை இருக்கும் அறைக்குள் முதல்முறை நுழைபவருக்கு மூச்சு முட்டும், கண்ணில் நீர் கொட்டும். வேலையாட்கள் பழகியவர்கள். மூக்கு எதையும் சில நிமிடங்களில் பழகிக்கொண்டு சொல்வதை நிறுத்திவிடும் என்பதை, ஒரு சுருட்டை வெகுநேரம் முகர்ந்துகொண்டே இருப்பவர்களும் மனதில் வைக்க வேண்டும்.

எங்கே முகர்கிறோம் என்பதும் முக்கியம். சுருட்டின் நடுப்பகுதியை மூக்கருகே வைத்தால் கிடைப்பது மேலே சுற்றிய இலையின் வாசம் மட்டும். எடையில் அது மிகச் சிறிய பங்குதான். உள்ளே கட்டு இலை, அதற்குள் நிரப்பிய இலை என்று அடுக்கு இருக்கிறது. அவற்றின் வாசம் தெரிய வேண்டுமென்றால் பற்றவைக்கும் நுனியை முகர வேண்டும். அப்பாரு அந்த நுனியை ஓரிரு முறை கட்டைவிரலால் வருடிவிட்டுத்தான் மூக்கருகே கொண்டுபோவார். அடுத்து, தீ வைக்காமலே வாயில் வைத்து ஒரு முறை காற்றை இழுத்துப் பார்ப்பார். நம் நாட்டுச் சுருட்டு பெரும்பாலும் இரு முனையும் திறந்தது என்பதால் இதற்குக் கத்தி தேவையில்லை. ஹவானாச் சுருட்டுக்கு மூடிய முனையை முதலில் வெட்ட வேண்டும். இந்த வெறும் இழுப்பில் காற்று உள்ளிலையின் ஊடே வந்து, வாயைக் கடந்து கொல்லைவாசலுக்கு ஏறுகிறது. வாசத்துக்கும் ருசிக்கும் நடுவே ஒரு பாலம் உண்டென்றால் அது இந்த வெறும் இழுப்புதான். பற்றவைத்தபின் முதல் சில இழுப்புகளில் தெரியப்போவதற்கு மிக நெருங்கியது இதுவே. வெறுமனே முகர்வதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

இனி தீ. இங்கே ஊதுபத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்ததும் மல்லிகையோ சந்தனமோ கமகமக்கும் பத்தி, கொளுத்தியபின் கரிப்புகையாக மாறிவிடுவதும் உண்டு. பெட்டியில் சாதுவாக இருந்து, கொளுத்தியபின் வீட்டையே நிறைப்பதும் உண்டு. கனலும் நுனியில் எதுவும் மணப்பதில்லை. அங்கே எல்லாம் எரிந்துவிடுகிறது. அதற்குச் சற்றுப் பின்னால், இன்னும் எரியாமல் சூடேறிக்கொண்டிருக்கும் சிறு பகுதியிலிருந்துதான் வாசனை ஆவியாகிக் கிளம்புகிறது. சுருட்டிலும் அப்படியே.

சிகரெட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள்: இழுக்கும் நேரத்தில் கங்கின் சூடு 900 டிகிரி செல்சியஸ் வரை போகிறது, சும்மா கனலும்போது 600 டிகிரி அளவில் நிற்கிறது. அந்தச் சூட்டில் நம்முடைய பூ வாசமும் வெல்ல வாசமும் தாக்குப்பிடிக்காது. கங்கை ஒட்டிய பின்பகுதியில் சூடு உண்டு, ஆக்சிஜன் குறைவு. இலை அங்கே எரியாமல் கருகுகிறது. சிதைந்து புதுப் பொருள்களாகிறது. அதற்கும் பின்னால் இருக்கும் இளஞ்சூட்டுப் பகுதியிலிருந்து, முன்பு நாம் முகர்ந்த அதே பொருள்கள் உருமாறாமல் ஆவியாகிப் புகையோடு சேர்ந்துகொள்கின்றன. ஆக வாய்க்கு வரும் புகையில் பழைய வாசம் ஒரு பங்கு. தீ அப்போதே செய்து கொடுத்தது பெரும் பங்கு.

தீ என்ன செய்கிறது என்பதற்கு விடை நம் அடுப்பிலேயே இருக்கிறது. பச்சைக் கொத்தமல்லி விதையைக் கையில் அள்ளி முகருங்கள். எலுமிச்சைச் சாயலோடு ஒரு மணம். அதையே வாணலியில் வறுத்தால் சில நிமிடங்களில் சாம்பாருக்கே உரிய அந்த வறுவாசம் எழும். புதிதாக எதையும் யாரும் சேர்க்கவில்லை. விதையில் இருந்த சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பைரசின் என்ற வகைப் பொருள்களைச் செய்துவிட்டன. வறுத்த கடலை, காப்பிக்கொட்டை, ரொட்டியின் முறுகிய ஓரம், எல்லாவற்றிலும் இவை உண்டு. சுருட்டுப் புகையில் தெரியும் வறுத்த வாசங்களும் இந்தக் குடும்பம்தான். அதன் மூலப் பொருள்கள் இலையில் இருந்தாலும், கொளுத்தும்வரை மூக்குக்குத் தெரிய வழியில்லை. கொத்தமல்லி விதையை மட்டும் முகர்ந்தவர், பழக்கம் இல்லையென்றால், வறுத்தபின் வரும் வாசத்தை ஊகிக்க முடியாது. பழகியவரால் முடியும். பாட்டி விதையை முகர்ந்தே "இது வறுத்தால் நன்றாக வரும்" என்று சொல்லிவிடுவாள். சுருட்டிலும் இந்தத் திறமை பழக்கத்தால் வருவதுதான்.

காட்டம் என்று வரும்போது மட்டும் எவ்வளவு பழக்கமும் உதவாது. காய்ந்த மிளகாயை முகர்ந்து அது எவ்வளவு காரம் என்று சொல்ல முடியுமா? காரம் தரும் கேப்சைசினுக்கு வாசம் கிடையாது. தாளிக்கும்போது புரையேறுகிறபோதுதான் தெரியும். சுருட்டின் காட்டத்துக்கு முக்கியக் காரணமான நிக்கோட்டினும் ஏறக்குறைய இப்படித்தான்: அது கொதிக்க 247 டிகிரி செல்சியஸ் வேண்டும், அறைச் சூட்டில் இலையை விட்டு அதிகம் கிளம்பாது. எனவே தேன்போல் மணக்கும் சுருட்டு தலையைச் சுற்றவைக்கலாம். தொழுவம்போல் நாறுவது மிருதுவாக இருக்கலாம்.

சிகரெட்டுப் புகை சற்று அமிலத்தன்மை உடையது. பட்டறையில் பதமான இலையால் செய்த சுருட்டின் புகை காரத்தன்மை உடையது; இது மிளகாயின் காரம் இல்லை, சுண்ணாம்பைப் போல அமிலத்துக்கு எதிரான தன்மை. காரத்தன்மையில் நிக்கோட்டின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் போதை ஏறுவது இதனால்தான். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் அவர்களையும் விடுவதில்லை. வடக்கே ஆந்திரக் கடற்கரையில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம், சுட்டா என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடம் இருந்து வந்திருக்கிறது. மேலண்ணத்தில் புண்ணும் புற்றும் வருவதை மருத்துவர்கள் அங்கே பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் அப்பாருவின் கன்னத்தின் உட்புறத்திலும் கடைசிக் காலத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. சுருட்டின் வாசத்தை இவ்வளவு விரும்பும் நான் அதைக் கொளுத்தாததற்குக் காரணம் அந்தப் புண். இந்த ஆபத்தைப் பற்றிப் பற்றவைக்காத சுருட்டின் வாசம் எதுவும் சொல்லாது.

வாசம் திருத்தமாகச் சொல்லும் விஷயங்களும் உண்டு. நுனியை முகர்ந்ததும் மூக்கின் உச்சியில் சுள்ளென்று குத்தினால், அம்மோனியா இன்னும் போகவில்லை, பட்டறை முழுமையாகவில்லை என்று பொருள். அதைக் கொளுத்தினால் நாக்கைக் கடிக்கும்; இதில் தவறு நேர்ந்து நான் பார்த்ததில்லை. நனைந்த சாக்கு, பூட்டிய அறை போன்ற வாடை வந்தால் பூஞ்சணம். எந்த வாசமும் வராமல் அட்டைபோல் இருந்தால் உலர்ந்துபோன சரக்கு. பறக்க வேண்டியவை ஏற்கெனவே பறந்துவிட்டன, புகை சூடாகவும் வெறுமையாகவும் இருக்கும். மரவாசம் தூக்கலாக இருந்தால் அது பெரும்பாலும் பெட்டியின் வாசம். வெளிநாட்டுச் சுருட்டை வைக்கும் பெட்டிகளின் மரத்துக்கு ஸ்பானிஷ் சிடார் என்று பெயர். பெயரில் சிடார் இருந்தாலும் அது நம் வேம்பு, மலைவேம்பு, மகோகனி சேர்ந்த குடும்பத்து மரம். அந்த வாசம் மேலிலையில்தான் ஒட்டியிருக்கும். சில இழுப்புகளுக்கு மேல் தங்காது.

வெல்ல வாசத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து மலிவுச் சுருட்டுகளில் இலையை வெல்லப்பாகிலோ பழச்சாறு சேர்த்த நீரிலோ நனைப்பது வழக்கம். முனியப்பன் படையலில் நான் முகர்ந்தது பாதி அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். சர்க்கரை ஆவியாவதில்லை, அது இனிப்பாகவே வாய்க்கு வந்து சேராது. தீயில் கருகிக் கொஞ்சம் பாகு வாசத்தையும் அமிலங்களையும் கொடுக்கும். அமிலம் புகையின் கரகரப்பைச் சற்றுத் தணிக்கும். உதட்டில் படும் இடத்தில் பாகு இருந்தால் நாக்கு நேராகவே இனிப்பை உணரும். அதைப் புகையின் இனிப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

நினைத்துக்கொள்வது என்பதும் இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். சுருட்டின் மேலிலை கருத்திருந்தால் காட்டம் அதிகம் என்று எதிர்பார்ப்பதும், முகர்ந்தபோது கொக்கோ தட்டினால் புகையிலும் கொக்கோவைத் தேடிக் கண்டுபிடிப்பதும் இதே வகை. கருமை பெரும்பாலும் அதிகச் சூட்டில் நெடுநாள் பட்டறையில் இருந்ததன் அடையாளம். பலத்தின் அளவுகோல் கிடையாது. சோதித்துப் பார்க்க விரும்புகிறவர், முகர்ந்ததும் தோன்றியதை ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டு, பிடித்துக்கொண்டிருப்பவரைக் கேட்க வேண்டும்.

வாசத்துக்கும் ருசிக்கும் உள்ள உறவு சுருட்டின் நீளம் முழுவதும் ஒரே அளவில் இருப்பதும் இல்லை. தொடக்கத்தில் நெருக்கம். எரிய எரிய, கங்கிலிருந்து கிளம்பும் ஆவியில் ஒரு பகுதி பின்னால் இருக்கும் குளிர்ந்த இலையில் படிகிறது. கங்கு அங்கே வந்து சேரும்போது அந்தப் படிவு மறுபடி சூடாகிப் புகையில் ஏறுகிறது. கடைசி மூன்றில் ஒரு பங்கு கசப்பும் கனமுமாக இருப்பது இதனால்தான். அந்தத் துண்டில் முதலில் முகர்ந்த வாசத்தின் சுவடே இருக்காது. ஆங்கிலத்தில் செரூட் என்று போன சொல் நம் சுருட்டிலிருந்து போனதுதான். சொல் அடையாளம் தெரியும்படி இருக்கிறது, அந்தக் கடைசித் துண்டில் பழைய வாசத்துக்கு அந்த அடையாளமும் இல்லை.

கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கம் விளைந்த புகையிலை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மலபாருக்குப் போனது மிகப் பழைய வணிகம். கம்பெனி ஆட்சி 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த இரண்டு மாவட்டங்களிலும் புகையிலையைத் தன் ஏகபோகமாக வைத்திருந்தது. அப்பாரு காலத்தில் சரக்கு வேலந்தாவளம் வழியாக மிதிவண்டியில் வரும். கொண்டுவந்தவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதற்குள் அப்பாரு கட்டைப் பிரித்துவிடுவார். மேலே இருப்பதைத் தொடமாட்டார். கட்டின் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நுனியை முகர்வார். பிறகு வெறும் இழுப்பு ஒன்று. குத்தல் இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்புவதில்லை. கட்டைத் தளர்த்தி, பனையோலைப் பெட்டியில் போட்டு, அடுப்புப் புகை படாத பக்கமாகப் பரணில் ஏற்றிவிடுவார். பெட்டியின் மூடியில் சுண்ணாம்பால் அன்றைய தேதியை எழுதும் வேலை எனக்கு. ஒரு மாதம் கழித்து நானே ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, முதலில் முகர்ந்து, கீழே நிற்கும் அவரிடம் சொல்வேன்: "இன்னும் குத்துகிறது, அப்பாரு." அல்லது, "வெல்லம் வந்துவிட்டது."